வீட்டில் ஆங்கிலம் மட்டும்

என் மகனுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலோடு ஒட்டிய நேசரிப் பள்ளியில் அவனைச் சேர்த்தபோது, நாலு பிள்ளைகளோடு பழகினால் வாய் திறப்பான் என்று நம்பினேன். முதல் தவணைப் படிப்பு முடிந்ததும் டீச்சர் என்னை நிறுத்திவைத்தார்.

"அம்மா, இவர் ஒரு சொல்லும் சொல்றாரில்லை. வீட்டில தமிழ், மேல் வீட்டுக்காரரோட சிங்களம், இங்க இங்கிலீஷ். பிள்ளை குழம்பிப் போச்சு. இனி வீட்டிலயும் இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ. அடுத்த தவணையும் இப்பிடியே இருந்தா வச்சிருக்க ஏலாது."

வேறு யாரும் அவனை எடுக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் ஏற்கெனவே இரண்டு இடங்களில் கேட்டிருந்தேன். பிள்ளை பேசமாட்டான் என்றதுமே அவர்கள் முகம் மாறிவிட்டது.

அன்றைக்கே தொடங்கினேன். நான் தமிழில் படித்தவள். என்னிடம் இருந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான்: கம், ஈட், சிலீப், நோ. அவன் தும்மினால் "நூறு" என்று சொல்ல வாய் வரும், விழுங்கிக்கொள்வேன். குளிக்க வார்க்கும்போது அளக்கிற கதைகளெல்லாம் நின்றுபோயின. கொஞ்சுவதற்கு ஆங்கிலத்தில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. "குட் போய்" என்பேன். சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பவள் மாதிரி இருக்கும்.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த கணவர், "வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு" என்றார்.

"செத்த வீட்டிலயும் ஆக்கள் கதைப்பினம்" என்று சீறினேன். தமிழில்தான். சண்டைக்கு அந்த ஆங்கிலம் உதவவே இல்லை.

நேசரி வாசலில் ஒரு தாய், தன் மகள் ஏ பீ சீ முழுக்கச் சொல்கிறாள் என்று தினமும் அறிக்கை வாசிப்பாள். அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மாதாவே, ஒரு சொல் போதும், எந்தப் பாஷையென்றாலும் பரவாயில்லை என்று கெஞ்சினேன். அவனோ ஒரு சத்தமும் போடாமல் என் பின்னாலேயே திரிந்தான்.

தவணையின் கடைசி வாரம், "நீங்களே வந்து இருந்து பாருங்கோ" என்று டீச்சர் கூப்பிட்டார். சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தேன். செபம் முடிந்ததும் துணி ஒட்டிய பலகையில் நோவாவின் பேழை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மிருகத்தை எடுத்து, அதைப் போலச் சத்தம் போட்டுவிட்டுப் பேழையில் ஒட்ட வேண்டும். பசு ஏறியது, வாத்து ஏறியது, குரங்கு வகுப்பையே கலக்கிவிட்டு ஏறியது. என் மகன் கையில் சிங்கம். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

டீச்சருக்கும் அவனை அனுப்ப மனமில்லை போலும். தன் சட்டத்தைத் தானே மறந்து தமிழில் கேட்டார்.

"சரி மகன், சிங்கத்தை விடுவம். அம்மா வீட்டில எப்பிடிக் கதைப்பா? செய்து காட்டுங்கோ பாப்பம்."

அவன் முகம் மலர்ந்தது. சிங்கத்தைக் கீழே வைத்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு விரலால் கதிரையைக் காட்டினான். தண்ணீர்ப் போத்தலைக் காட்டினான். காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டினான், பிறகு கதவைக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் தலையை ஒருமுறை ஆட்டினான், அப்படியே என்னைப் போல. பிள்ளைகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் அவன் சொன்ன முதல் பதில் அதுதான், அதுவும் சரியான பதில்.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். டீச்சர் பின்னால் ஓடிவந்து, "அடுத்த தவணைக்கும் வரட்டும் அம்மா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

தெருவில் இறங்கியதும், "என்ர ராசா, அந்தா பஸ் போகுது பாருங்கோ, அந்தா காகம், அந்தா பாண் கடை" என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவன் பயந்துபோய் என்னையே பார்த்தான். பிறகு தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினான்.