அத்தை பிழிந்த ஆரஞ்சுச் சாறு

"நாலு எழுத்துப் படிச்சுட்டா நீ டாக்டரு ஆயிருவியா கண்ணு?" என்று அத்தை கேட்டபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அவர் கையில் ஒரு டம்ளர் நிறைய ஆரஞ்சுச் சாறு இருந்தது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, சேலத்தில் டயாலிசிஸ் தொடங்கியிருந்த நேரம். அங்கே நர்ஸ், "உங்க ஊட்டுல படிச்சவங்க யாரு?" என்று கேட்டதும் அப்பா என்னைத்தான் முன்னால் தள்ளினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"பழச்சாறு எல்லாருக்கும் நல்லது. உங்கப்பாவுக்கு மட்டும் ஆகாது. அதுல இருக்கற பொட்டாசியம் ரத்தத்துல தங்கிட்டா நெஞ்சுத் துடிப்பே நின்னுரும். தண்ணியும் அளவாத்தான்," என்றார் நர்ஸ். பஸ் மலையேறும் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் பொட்டாசியம் என்ற அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தபடி வந்தேன்.

அத்தை, அப்பாவின் அக்கா. செம்மநத்தத்தில் தன் வீட்டு மரத்தில் பழுத்த கமலா ஆரஞ்சை மடியில் கட்டிக்கொண்டு எங்கள் மலையூரான கொட்டச்சேட்டுக்கு வந்து, எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து பிழிந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"அதுல பொட்டாசியம் இருக்குதுங்க அத்தை," என்றேன்.

"அதெல்லாம் நான் போடலை சாமி. சக்கரைகூடப் போடலை."

அம்மாவும் சிரித்துவிட்டார். "ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிரும்? அத்தை மனசு நோகுமுல்ல," என்று என்னை அடக்கினார். அப்பா கை நீட்டி டம்ளரை வாங்கினார். அது அவர் உதட்டருகே போனது.

பிடுங்கி, மூச்சுவிடாமல் முழுவதையும் நானே குடித்தேன்.

"சீக்காளிக்குக் கொண்டாந்ததப் பறிச்சுக் குடிக்கறா பாரு," என்றார் அத்தை. முதுகில் அம்மாவின் அடி விழுந்தது. அப்பா காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மனம் நோகக் கூடாதென்றுதான் அவர் கை நீட்டினார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நாக்கு வறண்டு கிடந்த மனிதருக்கு அந்த டம்ளர் எப்படித் தெரிந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா இன்றும் அளந்துதான் குடிக்கிறார். நான் இந்த ஆண்டு உணவியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். விடுதிக்குக் கிளம்பிய காலையில் அத்தை பை நிறையப் பழத்துடன் பஸ் நிறுத்தத்துக்கே வந்தார்.

"ஏங்கண்ணு, உனக்கு இது ஆகுமுல்ல?" என்று கேட்டார்.

"ஆகுமுங்க அத்தை," என்ற பிறகுதான் பையைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.