கணக்கோடு போன குரல்

இணையத்தில் தையல் சொல்லித் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் வெப்சைட் கட்டுகிறவள். அக்காவை அங்கே ஆசிரியையாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை.

அந்த வெப்சைட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பதிவுகள். உள்ளே நுழைய ஒரு கணக்கு. ஆள் யாரென்று சொல்ல ஒரு சுயவிவரம்: படம், அனுபவம், சொந்தக் குரலில் ஓர் அறிமுகம். இரண்டையும் முடிச்சுப் போட்டவள் இவள். கணக்கு போனால் சுயவிவரமும் கூடவே போகவேண்டும் என்று விதி எழுதியவளும் இவளே. "ஆளே இல்லாத சுயவிவரம் குப்பைதானே!" என்று கூட்டத்தில் வாய் கிழியப் பேசினாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்று காலை அக்காவின் கணவர் போன் செய்தார்.

"வாரா வாரம் அவளுக்கு மெயில் வருதும்மா, மாணவர்கள் காத்திருக்காங்கன்னு. பாக்க முடியல. நிறுத்திடேன்."

கணக்கில் ஒரே ஒரு டிக்கை எடுத்திருந்தால் மெயில் நின்றிருக்கும், மற்றதெல்லாம் அப்படியே இருந்திருக்கும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் திரையில் அக்கா பெயரைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று 'நீக்கு' பட்டனை அழுத்தினாள். இன்னின்னதும் சேர்ந்து போகும், சரியா என்று கேட்டது. படிக்காமலே சரி என்றாள்.

எழுந்த பிறகுதான் உறைத்தது. அக்காவுக்குக் குரலைப் பதிவு செய்வதென்றாலே கூச்சம். நச்சரித்து நச்சரித்து அந்த அறிமுகம் ஒன்றைத்தான் பேசவைத்திருந்தார்கள். வகுப்பெல்லாம் நேரலை, எதுவும் பதிவாவதில்லை. வேறெங்கும் அக்காவின் குரல் கிடையாது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் ஓடினாள்.

"அண்ணே, எப்படியாவது எடுத்துக் குடுங்க. கால்ல வேணாலும் விழறேன்."

அவர் பேக்கப்பைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். இடம் அடைக்கிறதென்று ஒலிக் கோப்புகளை அதில் சேர்ப்பதே இல்லை.

"எழுத்து எல்லாம் இருக்கும்மா. குரல் இல்ல."

இனி யாரைக் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது? மதியம் போன் அடித்தது. மாமாதான்.

"மெயிலை நிறுத்திட்டியாம்மா?"

"ம்."

"ரொம்ப நல்லது." கொஞ்சம் தயங்கினார். "தினம் வெப்சைட்ல அவ பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் சாப்பிடுவேன். இன்னைக்கு அந்தப் பக்கமே திறக்கல. நெட்டு சரியில்லையா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"சர்வர்ல வேலை நடக்குது மாமா."

"அப்படியா? அவசரமில்லம்மா. சாப்பாட்டை மூடி வெச்சிருக்கேன். வந்ததும் சொல்லு, சாப்பிட்டுக்கறேன்."