அக்காவுக்கு வயது பதினொன்று

சாமி கும்பிடுகிறவர்கள் எழுதும் விஞ்ஞானக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விண்கலத்தில் ஏறுமுன் நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்கிற ஆள் ஒருவன் கதையில் வந்துவிட்டால், அவன் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன். நான் எழுதிய கதைகளில்தான் ஒரு சாமியும் கிடையாது. எல்லாரும் வெள்ளி உடை போட்ட ஆட்கள். பொத்தானை அமுக்குவார்கள், வெடித்துச் சாவார்கள்.

கங்கைகொண்டான் கம்பெனியில் என்னோடு ஷிப்டு பார்க்கும் அண்ணாச்சி ஒருவர்தான் என் முதல் வாசகர். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது கதையைத் திருப்பிக் கொடுத்தார்.

"செவ்வாய்க் கிரகத்துக்கு நீரு எப்ப வே போனீரு? தெரிஞ்சத எழுதும்வே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கதையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்ணார்பேட்டையில் இறங்கினேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, எனக்கு அப்படி என்னதான் தெரியும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வயதே ஏறாத ஒருத்தியை எனக்குத் தெரியும்.

என் அக்கா பதினோரு வயதில் பாபநாசத்தில் ஆற்றோடு போனாள். அப்போது எனக்கு எட்டு வயது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுக்கன்னியாகக் கும்பிடுவார்கள். தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் எல்லாம் வாங்கி வைத்து, வாசல் கதவை விரியத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிடுவாள். துணிக்கடையில் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால், பதினொன்று என்பாள். எனக்கு ஐம்பதாகப் போகிறது. பாவாடை இன்னமும் அதே அளவுதான்.

அதைத்தான் எழுதினேன். ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் கலத்துக்குள் நேரம் மெல்ல நகரும். அதில் ஏறிப்போன சிறுமி, போன வயதிலேயே திரும்பி வருகிறாள். பூமியில் தம்பி கிழவனாகிவிட்டான். அம்மா எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டாள். கணக்கு அப்படித்தான் வந்தது.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் வாசித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்துகொண்டு, கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்கிற மாதிரி 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள். தாய் செத்துப்போன இடத்தில் 'ம்' நின்றுவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கதைதானம்மா."

"நான் சாவுதது கெடக்கட்டும்ல. அவ வந்து கதவத் தட்டுனா கெழவன்லா நிக்கான். இவன்தான் ஒன் தம்பின்னு அவளுக்கு யாரு சொல்லுவா? வேற வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவாளே."

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். எனக்குப் பிறகு அக்காவைக் கூப்பிட ஆளே கிடையாது. அம்மா இத்தனை நாளும் இதை நினைத்துத்தான் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"கதைய மாத்திருதேம்மா."

"கதைய மாத்தி என்னல செய்ய?" என்று எழுந்து போய்விட்டாள்.

இந்தத் தையிலும் விளக்கேற்றினாள், பாவாடையை விரித்து வைத்தாள். கதவைத் திறந்ததும் "வா தாயி" என்று கூப்பிடுகிறவள், இந்தத் தடவை என் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்கு நேரே நிறுத்தினாள்.

"தாயி, இவன் ஒன் தம்பிதான். தலையெல்லாம் நரச்சுப்போச்சு, நல்லாப் பாத்துக்கோ. நான் இல்லாத காலத்துல வந்தா இவன்ட்ட வா. பயந்துராத." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏல, நீயும் ஒரு வார்த்த கூப்புடு. கொரல் தெரியட்டும்."

பட்டப்பகல். வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. நான் அவளைக் கடைசியாகக் கூப்பிட்டது எட்டு வயதுக் குரலில்.

"அக்கா" என்றேன். தடித்த குரலில் யாரோ ஒரு ஆம்பளை கூப்பிடுகிற மாதிரி எனக்கே கேட்டது.