ஆறு தம்ளர் மல்லிகை மெழுகு

என் மகனுக்கு முப்பத்தொரு வயது முடிந்தபோது, அவனுக்குப் பெண் கிடைக்காததற்குக் காரணம் காற்று என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஜாதகம் இல்லை, சம்பளம் இல்லை, முன்னந்தலையில் கொஞ்சம் விசாலமாகிக்கொண்டிருந்த நெற்றியும் இல்லை. காற்று.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டை ஒருமுறை நேரில் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, அவசரமாக ஒரு சாவு வீடு ஞாபகம் வந்ததுபோல எழுந்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படி இரண்டு சம்பந்தம் தண்ணீரோடு போனது. இரண்டு தடவையும் என் மனைவி இருபது பேருக்குச் செய்த வடையை நாங்கள் மூன்று பேரும் மூன்று நாள் தின்றோம்.

தரகு பார்க்கும் அம்மாள்தான் கடைசியில் விஷயத்தை உடைத்தாள்.

"சொன்னா கோச்சிக்காதீங்க. பையன் ஓகே, ஊடு ஓகே. ஆனா உங்க ஊட்டாண்ட நாத்தம் தாங்கலன்றாங்க."

"இன்னா நாத்தம்?" என்றாள் என் மனைவி. கேட்டவள் நிஜமாகவே கேட்டாள்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருக்கிறது. நான் அங்கே இரும்பு உருக்கும் உலையில் இருபத்தாறு வருடம் நின்றவன். என் மனைவி ஒரு கம்பெனியில் பத்து வருடம் பேக்கிங் பார்த்தவள். மகனுக்கு ஒரு ரசாயன ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை. ஆக மொத்தம் அந்தக் காற்றை உற்பத்தி செய்வதில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அது நாறுகிறது என்று வெளியூர்க்காரர்கள் சொன்னால் எங்களுக்குக் கோபம் வந்ததே தவிர, நாற்றம் வந்ததில்லை.

"போன தபா சாம்பிராணி போட்டோமே?" என்றேன்.

"அதான் பேஜாரா பூட்ச்சி. ஊட்ல யாருக்காச்சும் காத்து கருப்பு இருக்குதான்னு பொண்ணோட மாமன் என்னாண்ட கேக்கறாரு. ஓட்டல்ல வெப்பாங்களே, கண்ணாடித் தம்ளர்ல வாசன மெழுகுவத்தி, அத வெய்யிங்க. டீசன்ட்டா இருக்கும்."

அடுத்த இடம் ஆரணியில், நெல் பயிரிடும் குடும்பம். பெண்ணுக்கு ஆவடியில் வேலை. மூன்று வாரத்தில் வீடு பார்க்க வருகிறார்கள். "இதுவும் தண்ணியோட போச்சுன்னா இனிமே என்னக் கூப்டாதீங்க" என்று தரகு அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மகன் அந்தப் பெண்ணோடு போனில் பேச ஆரம்பித்திருந்தான். வீட்டுக்குள் பேசினால் சரியாகக் கேட்காது என்று மொட்டை மாடிக்குப் போய்விடுவான். சிக்னல் எங்கள் வீட்டில் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். இந்த இடம் தட்டிப்போனால் அவன் இனி எந்த இடத்துக்கும் சரி சொல்ல மாட்டான் என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரிந்திருந்தது.

கடையில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வந்தேன். மூடியில் மல்லிகைப் படம். ஏற்றிவைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அரை மணி நேரம் எரிந்தது. வெளிச்சம் வந்தது, வாசனை வரவில்லை. மல்லிகையைப் படத்தோடு நிறுத்திக்கொண்டான் படுபாவி என்று முடிவு செய்து, நானே செய்வதாக அறிவித்தேன்.

"நீங்களா?" என்றாள் மனைவி. என் சமையலறைச் சாதனை வெந்நீரோடு நிற்கிறது.

"ஆயிரத்து அறுநூறு டிகிரி இரும்ப ஊத்துனவன். எழுபது டிகிரி மெழுகு எனக்குத் தூசு."

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த மூன்று வாரமும் அவள் அதை எனக்கே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் மெழுகுக் கட்டி, அடியில் தகரம் வைத்த திரி, மல்லிகை வாசனை எண்ணெய் எல்லாம் கிடைத்தன. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தவுடனே ஆரம்ப மாணவன் என்று புரிந்துகொண்டார். "ஒரு கிலோ மெழுகுக்கு இந்த மூடியில அஞ்சு மூடி சார். அதுக்கு மேல ஊத்தாதீங்க, தல வலிக்கும்" என்று இரண்டு முறை சொன்னார். வியாபாரம் தெரியாத மனிதர், அதிகம் விற்கப் பார்க்காமல் குறைவாக ஊற்றச் சொல்கிறாரே என்று அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.

போனில் ஒரு வீடியோவில் ஒரு பெண் மெழுகுவர்த்தி செய்வது எப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். ஏசி போட்ட சமையலறை, வெள்ளை கவுன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில் உருக்க வேண்டும் என்றாள். நான் இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, உள்ளே பால் குண்டானை இறக்கினேன். அன்றோடு அந்தக் குண்டான் பாலிடமிருந்து விடைபெற்றது.

முதல் நாள் பழக்க தோஷத்தில் மெழுகு நன்றாகக் கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உலையில் சூடு குறைந்தால் சூப்பர்வைசர் கத்துவார். இங்கே யாரும் கத்தவில்லை, தம்ளர்தான் படீரென்று விரிசல் விட்டது. இரண்டாவது தம்ளரில் திரியை ஒட்டியிருந்த பசை உருகி, திரி மேலே மிதந்து வந்து என்னை எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் திரி நேராக நின்றது, மெழுகு ஆறியதும் நடுவில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. வார்ப்பு ஆறும்போது சுருங்கிக் குழி விழுவது எங்கள் உலையில் தினப்படி வியாதி. கொஞ்சம் உருக்கி மேலே ஊற்றி அடைத்தேன். வெள்ளை கவுன் பெண் இதைப் பத்தாவது நிமிடத்தில்தான் சொன்னாள். நான் மூன்றாவது நிமிடம் வரை பார்த்ததிலேயே செய்துவிட்டேன் என்று மனைவியிடம் காட்டினேன்.

"சிங்க்ல இன்னாத்த ஊத்துனீங்க?" என்றாள் அவள்.

மிச்ச மெழுகைத்தான் ஊற்றியிருந்தேன். குழாய்க்குள் போய் அது தன் இயல்புப்படி இறுகிக்கொண்டது. நான்கு நாள் பாத்திரமெல்லாம் கொல்லையில் கழுவப்பட்டன. அந்த நான்கு நாளும் என்னை அவள் 'ஆயிரத்து அறுநூறு' என்றே கூப்பிட்டாள்.

இதெல்லாம் கை பழகினால் சரியாகிவிடுகிற தப்புகள். பத்தாம் நாளில் வழவழப்பான, திரி நடுவில் நிற்கிற ஒரு மெழுகுவர்த்தியைச் செய்துவிட்டேன். வாசனைதான் வரவில்லை. கடைக்காரர் சொன்ன ஐந்து மூடி ஊற்றியிருந்தேன். மூக்கைத் தம்ளருக்குள்ளேயே விட்டேன். வெறும் மெழுகு.

"வருதா?" என்று மனைவியிடம் நீட்டினேன்.

"தண்ணி கலந்து குட்த்துட்டான். உங்க மொகத்தப் பாத்தா யாருக்கும் தோணும்."

பத்து மூடி ஊற்றினேன். மகனைக் கூப்பிட்டேன். அவன் கண்ணை மூடி இழுத்துப் பார்த்துவிட்டு, "லைட்டா வர்ற மாதிரி இருக்குது நைனா" என்றான். அவன் சுபாவத்தில் அது, வரவில்லை என்பதற்கு மரியாதையான சொல். எதிர்வீட்டுக்காரரையும் விடவில்லை. பெயின்ட் ஆலையில் பதினெட்டு வருட சர்வீஸ் உள்ளவர், இப்படிப்பட்ட விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கூட்டிவந்தேன். நிபுணர் ஒரு நிமிடம் முகர்ந்தார். "இன்னும் கொஞ்சம் தூக்கலா போடலாம் சார்" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான்கு பேருக்கு வாசனை வரவில்லை. எண்ணெயில் குறை, மெழுகில் குறை, கடைக்காரரிடம் குறை என்று வரிசையாக எல்லாரையும் சந்தேகப்பட்டோம். எங்கள் முகத்தின் நடுவில் இருப்பதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. மறுபடி பாரிமுனைக்குப் போய் இரண்டு பெரிய பாட்டில் வாங்கி வந்து, ஆறு தம்ளருக்கும் முழுசாகக் கவிழ்த்தேன். மெழுகு அவ்வளவையும் குடிக்க முடியாமல் மேலே எண்ணெய்த் துளிகளை விட்டது. வேலை செய்கிற பொருளுக்கு வியர்க்கத்தான் செய்யும் என்று துடைத்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன். ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடி, கூடத்தில் ஆறையும் ஏற்றிவைத்திருந்தோம். பார்க்க ரொம்ப டீசன்ட்டாக இருந்தது.

முதலில் தாய்மாமன் தும்மினார். ஒரு தும்மல் நல்ல சகுனம் இல்லை என்று என் மனைவி முகம் சுளிப்பதற்குள் இரண்டாவது வந்தது. பிறகு எண்ண முடியவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு அடிக்காத போன் ஒன்று அடித்தது, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் என்னைப் பார்த்தான். மனைவி தண்ணீர்த் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்களோ என்று பயம்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த ஜன்னல கொஞ்சம் தெறக்கலாமா?" என்றார் அந்த அம்மாள்.

போச்சு என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டை முழுசாக உள்ளே வரும். வேறு வழியில்லாமல் திறந்தேன். தாய்மாமன் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தார்.

"அப்பாடா! இப்பதான் மூச்சே வர்து."

எங்கள் ஊர்க் காற்றை ஒரு மனிதர் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த அம்மாள் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "உங்க யாருக்குமே இந்த வாசன தெரியலயா?"

"இன்னா, ரொம்ப கம்மியா இருக்குதா?" என்றாள் என் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் என் மனைவி கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"கை நனைச்சிட்டுத்தான் போவோம் அக்கா. ஆனா மாடில எல போடுங்க."

மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, ஆலைப் புகைக்கு நடுவில் அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். வடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்.

"புள்ள தங்கமான புள்ளண்ணே. எங்களுக்குச் சம்மதம். ஆனா ரெண்டு பேரும் திருநின்றவூர்ல ஊடு எடுத்துக்கினு இருக்கட்டும். அவளுக்காக மட்டும் சொல்லல. சின்ன வயசு, உங்க புள்ளைக்கு மூக்கு திரும்பி வந்துரும்."

எனக்குக் கோபம் வந்தது. சோறு போட்ட வீட்டில் மூக்கைப் பற்றிப் பேசுவது என்ன நாகரிகம் என்று மனதுக்குள் சண்டை போட்டேன். வாயால் சரி என்றேன். மகன் கொடிக்குப் பின்னால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெழுகுவர்த்தி வாசனை மேலே வரை எட்டவில்லை.

அவர்கள் போனதும் சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மனைவி பின்னாலேயே வந்து என் கையிலிருந்து டப்பாவை வாங்கி முகர்ந்தாள். "எனக்குக் கொஞ்சூண்டு வர்து" என்றாள். பொய். அவள் நெடுநேரம் அதை மூடவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகன் அம்பத்தூருக்கு வேலை மாற்றிக்கொண்டு திருநின்றவூரில் குடியேறினான். கல்யாணமான புதிதில் வாரா வாரம் வந்தான். பிறகு மாதம் ஒருமுறை. ஆறாவது மாதம், இரண்டு நாள் தங்கப் பையோடு மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். மருமகள் நேராகச் சமையலறைக்குப் போய், "மீன் கொழம்பு வாசன தெருவுக்கே வர்து அத்த" என்றாள். என் மனைவி, "அப்டியா? நல்லா வர்தா?" என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மகன் கூடத்து வாசலிலேயே நின்றான். மூக்கைச் சுருக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். போய் ஜன்னலைச் சாத்தினான்.

"இன்னா நைனா, உங்க ஊடு இப்டி நாறுது?"

மூக்கு திரும்பிவிட்டது. அந்த அம்மாள் சொன்னபடியே, சுத்தமாகத் திரும்பிவிட்டது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. நாறுகிறது என்றது பரவாயில்லை, அதற்கு மூன்று வாரம் மெழுகு காய்ச்சியவன் நான். பிறந்து முப்பத்தொரு வருடம் வளர்ந்த வீட்டை 'உங்க ஊடு' என்றான்.