டாக்டர் ரோஸ்லினும் இரண்டு நாட்டுத் தாள்களும்

நோயாளி உட்காருவதற்குள் ரோஸ்லின் எழுந்துவிடுவாள். ஜன்னலைச் சாத்துவாள், திறப்பாள், நடந்துகொண்டே கேள்வி கேட்பாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக் குடிப்பாள். “இது உன்னுதாண்ணே? சொல்ல வேண்டியதுதானே.” நீடாமங்கலத்தில் அவளுடைய கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவன் நான். எட்டாவதோடு நின்றவன். என் தங்கை நெஞ்சு மருத்துவத்தில் மேல்படிப்புப் படித்தவள்.

அறுவடை தொடங்கிவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அறுப்பு மிஷின் கிளப்பும் தூசியில் இளைப்புக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். இன்ஹேலரை இங்கே ‘பம்பு’ என்பார்கள். அதை எடுத்தால் வியாதி முற்றிவிட்டதாம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பம்பு அரிசிப் பானைக்குள் போய்விடும். அப்படி ஒளித்தவர்களை அவள் திட்டுவது தெருவரை கேட்கும்.

போன வாரம் நெல் வியாபாரி ஜெக்கரியா பாய் மூச்சு வாங்க வந்தார். கையில் இரண்டு தாள்கள். லண்டனிலிருந்து மகள் ஹாஃபிஸாவும் அமெரிக்காவிலிருந்து மகன் ஜாபிரும் அந்தந்த நாட்டு வைத்திய முறையை அனுப்பியிருந்தார்கள்.

“அவ, தினம் எடுக்கவும் இளைச்சா எடுக்கவும் ரெண்டு மருந்து சேர்ந்த பம்பு ஒண்ணே போதுங்கிறா. இவன், தினம் ஒரு பம்பு, இளைச்சா நீலப் பம்புங்கிறான். ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரட்டும்னு எல்லாத்தையும் நிறுத்திட்டேன், டாக்டரம்மா.”

“அதுவரைக்கும் உங்க நுரையீரல் காத்திருக்குமா, பாய்?” ரோஸ்லின் மேசையைச் சுற்றி வந்தாள். “கல்லணைப் பக்கமும் கடைமடையிலயும் ஒரே நாள்லயா நடவு?”

“அதெப்படி? தண்ணி வந்து சேர வேணாமா?”

“இதுவும் அப்படித்தான். ஒரு நாட்டுல அனுமதிச்ச மருந்தை இன்னொரு நாட்டுல அனுமதிச்சிருக்க மாட்டாங்க. ஒரு இடத்துல கவர்மெண்ட் வாங்கிக் குடுக்கும், ஒரு இடத்துல நீங்க வாங்கணும். ஒரே ஆராய்ச்சியைப் படிச்சிட்டு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொண்ணைப் பெரிசா எடுத்துக்கும். ஆனா ரெண்டு தாள்லயும் மருந்தை நிறுத்துன்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க.”

பாய் தாள்களைப் புரட்டினார். பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூச்சு போதவில்லை. கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

ரோஸ்லின் கூட்டு மருந்துப் பம்பைக் குலுக்கி, அவர் வாயில் வைத்து அழுத்தினாள். “இழுங்க. அப்படியே பிடிங்க.”

பாய் மூச்சைப் பிடித்தார். அவர் தோளில் கைவைத்து நின்றவள், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.