முருகையாவைப் பற்றி நான் சொன்ன சொல்

முருகையாவைத் தலன் என்று முதலில் சொன்னவன் நான். காதர் அல்ல, கோ ஸோ அல்ல. நான்தான்!

தலன் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூடவே இருந்துகொண்டு ஆள்காட்டிக் கொடுப்பவனை யாங்கோனில் அப்படித்தான் சொல்வோம். திருடன் என்று பெயரெடுத்தவன்கூட இங்கே பிழைத்துக்கொள்ளலாம். தலன் என்று பெயரெடுத்தவன் பக்கத்தில் தேநீர்க் கடையில்கூட யாரும் உட்கார மாட்டார்கள். சிலருக்கு அதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்தேதான் சொன்னேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். மீன்காரி எடை போட்டால் தராசுத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். யாராவது வலிய வந்து சிரித்தால் என் கை சட்டைப் பைக்குப் போகும். இதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்துப் பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தேன்... எச்சரிக்கையாம்!

புதிய அதிபர் பதவியேற்கப் போகிறார், ஒவ்வோர் இனத்தாரும் தங்கள் உடையில் தலைநகர் நேப்பிடோவுக்கு வந்து நிற்க வேண்டும் என்று வார்டு ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். யாங்கோனில் நாங்கள் வசிக்கும் தாகேதா பகுதித் தமிழர் சார்பில் நான்கு பேர். விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லும் துணிவும் எங்களுக்கு இல்லை. சனிக்கிழமை காலை கிளம்பித் திங்கள் இரவு திரும்பலாம், பேருந்தும் சாப்பாடும் இலவசம், சின்ன வயதிலிருந்து சேர்ந்து திரிந்த நால்வர் போனால் அது உல்லாசப் பயணம்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

நால்வரில் காதர் இரும்புச் சாமான் கடைக்காரன். கோ ஸோவுக்கு அம்மா தமிழ், அப்பா பர்மியர். தமிழ் சரியாக வராது என்பான், திட்டுவதற்கு மட்டும் அருவி போல் கொட்டும். முருகையா, வார்டு ஆபீஸுக்கு எதிரே நகல் எடுத்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். நான் சபாபதி, நாற்காலி மேசை செய்யும் பட்டறையில் மேற்பார்வை.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காதரின் தம்பிக்குப் படையில் சேரச் சொல்லி ஓலை வந்தது. அவன் எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு ஓடிவிட்டான். வீட்டாரைத் தவிர அது தெரிந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே.

பேருந்தில் ஏறியதுமே முருகையா கை நீட்டினான். "எல்லாரும் மாப்போந்தினைக் குடுங்கப்பா. கேக்குற எடத்துல நானே காட்டிக்கிறேன்." மாப்போந்தின் என்பது எங்கள் அடையாள அட்டை. மற்ற இருவரும் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், அரை மனத்தோடு.

அப்புறம் பார்க்கத் தொடங்கினேன்... சோதனைச் சாவடி வந்தால் அவன்தான் முதலில் இறங்குவான், தனியாக. காவலரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவான். சட்டைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று வெளியே வரும். காவலர் அதைப் படித்துவிட்டு எங்கள் ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார், தலையசைப்பார். அவ்வளவுதான், வண்டி நகரும்.

"என் அட்டையக் குடுடா," என்றேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும் சபா. நீ எங்கயாவது தொலைச்சிருவ." சிரித்தான்.

யோசித்துப் பாருங்கள்! வார்டு ஆபீஸுக்கு எதிரே கடை. எந்த வீட்டில் யார் தங்குகிறார், யார் காணாமல் போனார் என்பதெல்லாம் அவன் கையால் நிரப்பிய காகிதங்களில்தானே இருக்கிறது? இப்போது எங்கள் அட்டைகளும் அவனிடம். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ... இல்லை, உங்களை இழுக்கக் கூடாது. நினைத்தவன் நான்.

நெடுஞ்சாலையின் நூற்றுப் பதினைந்தாம் மைலில் சாப்பிட நிறுத்தினார்கள். முருகையா சீருடைக்காரர் ஒருவரிடம் ஒதுங்கி நின்று அதே காகிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். கை கழுவும் குழாயடியில் காதர் நின்றான்.

"பாத்தியா காதரு, அவன் போக்கே சரியில்ல. நமக்கெல்லாம் இல்லாத பேச்சு அவனுக்கு என்ன அவுங்ககூட?"

"என்ன சொல்ற நீ?"

"தலனா இருப்பானோன்னு தோணுது."

காதர் குழாயை மூட மறந்து நின்றான். "யா அல்லா... என் தம்பி வெசயம் அவனுக்குத் தெரியுமேடா!"

அன்று அவன் சோற்றைத் தொடவில்லை. கோ ஸோவை அழைத்துப் போய் ஏதோ சொன்னான். எனக்கோ சுமை இறங்கினாற்போல் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது!

திங்கள் காலை பதவியேற்பு. எங்களை மண்டபத்துக்குள் விடவில்லை. வயல் போல் அகன்ற சாலையின் ஓரத்தில் வேட்டியோடு நிறுத்தினார்கள். கோ ஸோவின் வேட்டி நழுவிக்கொண்டே இருந்தது; ஒரு கையில் கொடி, மறு கை இடுப்பில். கறுப்புக் கார்கள் வரிசையாகப் போயின. எதில் அதிபர் இருந்தார் என்று தெரியாது. நான் அவற்றைப் பார்க்கவுமில்லை. முருகையா யாரைப் பார்க்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் விடுதியைக் காலி செய்தோம். முருகையா குளியலறையில் இருந்தான். பதிவுக்காக அவன் கொடுத்துவைத்திருந்த நான்கு அட்டைகளையும் விடுதிக்காரப் பெண் என்னிடம் நீட்டினாள். மூன்று இளஞ்சிவப்பு. ஒன்று பச்சை.

பச்சை!

பிறவிக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு. விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பச்சை. எங்களோடு ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவன் அவன். அவன் அப்பாவின் காகிதங்களில் என்ன குறையோ... அட்டையோடு அந்த மடித்த காகிதமும் இருந்தது. பிரித்தேன். இன்னார் பச்சை அட்டைக்காரர், இந்தப் பயணத்துக்கு அனுமதி பெற்றவர், விடுதியில் தங்க ஆட்சேபணை இல்லை. வேறொன்றும் இல்லை.

எங்கள் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டதும், தனியே இறங்கியதும், குரலைத் தாழ்த்தியதும் எங்களை மாட்டிவிட அல்ல. தன் அட்டையின் நிறம் எங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக! ஏன் தெரியுமா? தேநீர்க் கடையில் பச்சை அட்டைக்காரர்களை 'வாடகைக் குடிமகன்' என்று கேலி செய்வது எங்கள் வழக்கம். அந்தப் பெயரைக் கட்டிவிட்டவன் நான். முருகையாவும் சேர்ந்து சிரிப்பான். இத்தனை வருடம் எப்படித்தான் சிரித்தானோ...

பச்சையை அடியில் வைத்து மேசைமேல் அடுக்கினேன். அவன் தலை துவட்டிக்கொண்டே வந்தான், அட்டைகளைக் கண்டான், என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதே காதரிடம் போய், "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றிருக்கலாம். திரும்பும் வழி முழுக்க நேரம் இருந்தது. ஏன் சொல்லவில்லை? அது முருகையாவின் ரகசியம், அதை வெளியே விடுவது நட்புக்கு அழகல்ல என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என்ன பெருந்தன்மை! உண்மை வேறு. 'புத்தி கெட்டவன்' என்று காதர் என்னைச் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவ்வளவே.

பயத்தில் காதர் தன் தம்பியை வேறு ஊருக்கு மாறச் சொன்னான். ஏன் என்று கேட்ட வீட்டாரிடம் முருகையாவின் பெயரையும் சொன்னான். பத்து நாளில் தாகேதா முழுவதும் தெரிந்துவிட்டது. முருகையாவின் கடைக்கு ஆட்கள் வரவில்லை. கடைக் கதவில் ஒருநாள் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்கள். அவன் மனைவிக்குச் சந்தையில் காய் விற்க மறுத்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை எங்கள் தமிழர் சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் அவனே கூப்பிட்டான். முப்பது பேர் இருந்தோம். பச்சை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதைத்தாங்க மறைச்சேன். வேற ஒண்ணையும் மறைக்கல. நீங்க கேலி பண்ணுவீங்கன்னு..."

தீர்ந்தது, பிழைத்தான் என்று நினைத்தேன். அப்போது கோ ஸோ வாய் திறந்தான், அவனுடைய அந்த அரைகுறைத் தமிழில்: "பச்சைக்காரன் சிவப்பு அட்டை வாங்கணும்னா அவுங்களுக்கு வேலை பாக்கணும்ல?"

ஆமாம், ஆமாம் என்று ஒரு முணுமுணுப்பு. அவன் கொண்டுவந்த சாட்சியே அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது!

சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். "சபாபதி, நீ கூடப் போனவன். நீ சொல்லுப்பா."

முருகையாவும் பார்த்தான். அந்தக் கண்களில் எவ்வளவு நம்பிக்கை... அந்தக் காகிதத்தை நான் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சந்தேகத்தைக் கிளப்பியவனே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். முப்பது பேர் கேட்டிருப்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன்.

அவன் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த மாதமே கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு டாலாவுக்குப் போய்விட்டான். ஆற்றுக்கு அக்கரையில் சைக்கா எனும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். எத்தனை பேருக்கு விண்ணப்பம் நிரப்பிய கை!

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான். நலம் விசாரித்தான். பிறகு சொன்னான்: "சபா, அன்னைக்கு எல்லாரும் என்னென்னமோ சொன்னாங்க. நீ ஒருத்தன்தான்டா என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"சரிடா," என்றேன். வேறென்ன சொல்ல? வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. குற்ற உணர்ச்சியால் என்று எண்ணிவிடாதீர்கள்... அந்த அளவுக்கு நான் நல்லவனாக இருந்தால் டாலாவுக்குப் படகேறியிருப்பேன். அவன் மனதாரத்தான் நன்றி சொன்னானா? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு, என் வாயைக் கிளறிப் பார்ப்பதற்காக அப்படிச் சொன்னானா? அவன் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

பார்த்தீர்களா? இன்னும் அவனைத்தான் சந்தேகப்படுகிறேன்.