பொன்னுமணியின் முகம்

போடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் விஜயகுமாரை ஆர்ட்டிஸ்ட்டு என்று சொல்பவர்களும் உண்டு, பைத்தியம் என்று சொல்பவர்களும் உண்டு. சொல்கிற தொனியைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போகும் பெண்களை ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்கள் திரும்பும்வரை அவனுக்குச் சோலி கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். இவன் வரைவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, வரையச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

முதலில் பென்சிலும் பேப்பரும்தான். ஆனால் மலையில் மூட்டம் இறங்கினால் பேப்பர் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும், பென்சில் பிடிக்காது. அதனால் மேலே செல்போன், வீட்டில் பேப்பர் என்று பிரித்துக்கொண்டான். போனில் ஒரு வசதி இருந்தது. கோடு தப்பினால் இரண்டு விரலால் திரையைத் தட்டினால் போதும், போட்ட கோடு போன இடம் தெரியாது. அந்த வசதி பழகியதும் ஆளுக்குக் கொஞ்சம் திமிரும் வந்தது. வீட்டில் பேப்பரில் வரையும்போதும் தப்பான கோட்டின்மேல் இரண்டு விரலால் தட்டிவிட்டு, அது ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று முழிப்பான். அவன் மனைவி பவித்ரா வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

"இன்னும் ரெண்டு தட்டு தட்டுங்க, மேசையும் காணாமப் போகட்டும்" என்பாள்.

அந்த ஜீப்பில் முன்சீட்டு அன்னக்கொடிக்கு. ஐம்பதைத் தாண்டியவள். காய் எடுப்பதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். விஜயகுமாருக்கு அத்தை முறை என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். ஐப்பசியில் ஒருநாள் ஏறி உட்கார்ந்ததும், "மாப்ளே, எங்க வீட்டுக் கன்னிக்கு ஒரு படம் வரஞ்சு குடேன்" என்றாள்.

கன்னி என்றால் அவள் அக்கா பொன்னுமணி. தாவணி போட்ட வயதில் காய்ச்சலில் போய்விட்டவள். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை அந்த வீட்டில் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. தை மாதம் அதைத் திறந்து, புதுப் பாவாடை தாவணியும் வளையலும் ரிப்பனும் வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட்டு மூடுவார்கள். பெட்டியில் எல்லாம் இருந்தது, முகம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்குப் போட்டோ ஏது? அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்தாயிற்று. பொன்னுமணியின் முகம் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, அன்னக்கொடியின் நினைப்பில்.

"நீங்க சொல்லுங்கத்தே, நான் வரையிறேன். போன்ல எத்தன தடவ வேணாலும் மாத்திக்கிறலாம்" என்று பெருமையாகச் சொன்னான் விஜயகுமார்.

மத்தியானம் சோற்று நேரத்தில் அவள் தூக்குவாளியோடு ஜீப்புக்கு வந்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், இவன் போடுவான். கண்ணைத் திறந்து பார்ப்பாள். "ம்ஹூம், கன்னம் இம்புட்டு ஒட்டியிருக்காது." தட்டு. "நெத்தி இன்னும் கொஞ்சம் அகலம்." தட்டு. "ஐயையே, இதென்ன சினிமாக்காரி கணக்கா!" தட்டு. அவளுக்கும் குஷி தாங்கவில்லை. இவனுக்கோ தலைகால் புரியவில்லை. இத்தனை பெரிய வேலையை நம்பி யாரும் அவனிடம் தந்ததில்லை. முகம் நாளுக்குநாள் லட்சணமாகிக்கொண்டே வந்தது.

மார்கழியில் மூக்கு மட்டும் பாக்கி.

"நல்லா நெனச்சுச் சொல்லுங்கத்தே, மூக்கு எப்படியிருக்கும்?"

கண்ணை மூடினாள். "போன செவ்வாக்கெழம வரஞ்சேல்ல, அப்படி இருக்கும்."

"நான் வரஞ்சதக் கேக்கல. உங்க அக்கா மூக்கக் கேக்குறேன்."

கண்ணைக் கசக்கினாள், மறுபடி இறுக்கி மூடினாள். கையில் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"மாப்ளே, அவளக் காணமே" என்றாள். "கண்ண மூடுனா நீ வரஞ்ச பிள்ளதான் வருது. அவ வரமாட்டேங்கிறா. அடப்பாவி, எங்க அக்காவ என்னடா செஞ்ச?"

தோட்டத்தில் சோறு தின்றுகொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதாள். விஜயகுமார் போனைப் பார்த்தான். நாளுக்கொன்றாகச் சேமித்துவைத்த பொன்னுமணிகள் வரிசை வரிசையாக. அவன் தட்டித் தட்டி அழித்ததெல்லாம் திரையில்தான் அழிந்திருந்தது. அவள் நினைப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து, அடியில் இருந்தவளை மூடிவிட்டன. அதை எந்த விரலால் தட்டி எடுப்பது?

ஆனாலும் ஆள் சும்மா இருப்பானா? போனில் காட்டிக்காட்டித்தானே கெட்டது, பேப்பரில் காட்டாமல் வரைந்தால் என்ன என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச்சொல்லி, முதுகைக் காட்டி உட்காரவைத்தான்.

"மூக்கு முழியெல்லாம் வேணாம். அவங்க செஞ்ச சேட்டையச் சொல்லுங்க" என்றான்.

அவளும் முனகலாகத்தான் ஆரம்பித்தாள். பொன்னுமணி புளியம்பழம் திருடி மாட்டிக்கொண்டது, தங்கச்சிமேல் பழியைப் போட்டது, அடிவாங்கிய தங்கச்சிக்கு ராத்திரி அதே புளியில் பாதியைக் கொடுத்தது. சொல்லச் சொல்லச் சிரித்தாள். விஜயகுமார் ரப்பரைத் தொடாமல், ஒரே மூச்சில் வரைந்தான். இதுவரை அப்படி ஒரு கோடு அவன் கைக்கு வந்ததில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், காபி கொண்டுவந்த பவித்ரா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இது போன்ல இருக்க அதே பிள்ளதான?" என்று அவன் காதில் கேட்டாள்.

அதே பிள்ளைதான். அவன் கையும் அந்த முகத்துக்குப் பழகிவிட்டிருந்தது. பேப்பரை நான்காக மடித்து அடுப்பில் போட்டான். போனில் இருந்தவற்றையும் அன்னக்கொடியின் முதுகுக்குப் பின்னாலேயே, அவள் கண்ணில் படாமல், ஒன்று விடாமல் அழித்தான்.

"என்னால முடியலத்தே. கெடுத்துப்புட்டேன்" என்றான். அவள் காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

தை மாதம் பெட்டி திறக்கிற அன்றைக்கு அவனையும் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டதே பெரிது என்று வாசலோரம் நின்றான். புதுத்துணி வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். அன்னக்கொடி கண்ணை மூடிக் கும்பிட்டபடி வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அதன்பிறகு அவன் பாறை வரைந்தான், வளைவு வரைந்தான், ஜீப்பு வரைந்தான். மனுஷ முகம் வரையவில்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்தது. போடிமெட்டிலிருந்து ஜீப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அன்னக்கொடி ஒரு வளைவில் திடுக்கென்று விழித்து, அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"வந்துட்டா மாப்ளே!" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "என் சடையப் பிடிச்சு இழுத்தா. திரும்பிப் பாத்தேன். அவளேதான், ஆத்தா சத்தியமா அவளேதான்!"

விஜயகுமாருக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழலாம்போல இருந்தது. அதற்குள் அவன் வாய் முந்திக்கொண்டது.

"மொகம் எப்படித்தே இருந்துச்சு?"

அன்னக்கொடி சட்டென்று இரண்டு உள்ளங்கையாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கிட்டச் சொல்லமாட்டேன்" என்றாள். "நீ ரோட்டப் பாத்து ஓட்டு."